வெள்ளைக்குக் கீழே தக்காளிச் சிவப்பு

எங்கள் ஆட்களுக்கு ஒரு சாவுச் செய்தியைச் சொல்லக் குறைந்தது மூன்று அழைப்பு வேண்டும். முதலாவதில் "கொஞ்சம் கடுமையாம்" என்பார்கள். இரண்டாவதில் "பக்கத்தில ஆர் நிக்கினம், முதல் ஒரு இடத்தில இருங்கோ" என்பார்கள். மூன்றாவதில்தான் விஷயம் வரும், அதுவும் அழுகையாக. பக்கத்து வீட்டு யோப்பின் மகள் லிஸ்பெத் ஒரே அழைப்பில் முடித்துவிட்டார். நான் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா இன்று காலை நித்திரையில் இறந்துவிட்டார், உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், பின்னேரம் வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டார். நான் "ஓம்" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது. அவருடைய அப்பாவும் எங்களிடம் எத்தனையோ வருடமாக "ஓம்" என்றுதான் சொல்லிவந்தார்.

யோப்பை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில் கடைசி வரிசையில், சப்பாத்தைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு, ஓட்டைக் காலுறையோடு உட்கார்ந்திருக்கும் உயரமான வெள்ளைக்காரர். மண்டபத்தில் சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். பிள்ளைகள் அவரைச் "சுண்ணாம்புத் தாத்தா" என்பார்கள். அவருடைய படங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஒல்லாந்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறி ஆக்லாந்துக்கு வந்து, ஒனிஹங்காவில் எங்கள் பக்கத்து வீட்டில் கடைசிவரை படம் வரைந்துகொண்டிருந்த மனிதர். அவருடைய ஆங்கிலம் படித்த ஆங்கிலம் இல்லை, தோட்டத்திலும் ஏணியிலும் நின்று பழகிய ஆங்கிலம். அதனால் அவர் சொன்னவற்றை எங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். அவரைச் செந்தமிழில் பேசவைத்தால் அவரே சிரிப்பார்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவருடைய மனைவி அன்னேகா காலைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். பேணியைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினார். பிறகு பேணியை மூடி அலுமாரியில் ஏற்றிவிட்டார். இரண்டாவதுக்கு நீண்ட என் கணவர் சிவநேசனுடைய கை பாதி வழியில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். ஒல்லாந்தர் வீட்டில் அதுதான் வழக்கமாம், கோப்பிக்கு ஒரு பிஸ்கட். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. கதையைக் கலகலப்பாக்க நினைத்த சிவநேசன், உங்கட ஆக்கள் எங்கட யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி ஆண்டவர்கள் என்று ஆரம்பித்தார். யோப் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "நான் கட்டேல்லை. நான் பெயின்ற் அடிக்கிறவன்," என்றார். வீட்டுக்கு வந்ததும் சிவநேசன், பாவம், ஏதோ கஷ்டப்பட்ட சனம் போல இருக்கு என்றார்.

விடுவேனா? அடுத்த ஞாயிறு இடியப்பம், சொதி, மீன்குழம்பு, உளுந்துவடை என்று மேசை நிறைய வைத்தேன். யோப் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, எல்லாம் நல்லது, வடையில் மட்டும் எண்ணெய் கூட என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. விருந்துக்குப் போன வீட்டில் முகத்துக்கு நேரே யாராவது அப்படிச் சொல்வார்களா? அன்னேகா மேசைக்குக் கீழே அவர் காலை உதைத்தது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு சில நாள் நான் வேலிப் பக்கமே போகவில்லை. ஒரு காலை அவரே வாசலில் வந்து நின்று, அந்த எண்ணெய் வடை மிச்சம் இருக்கா என்று கேட்டார். அன்றிலிருந்து அவரோடு எனக்குக் கோபம் வராத வாரம் இல்லை. வந்த கோபம் ஒருநாளும் தங்கியதும் இல்லை.

இன்னொரு நாள் அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்த சிவநேசனின் முகம் கறுத்துப்போயிருந்தது. எங்கள் பெயர்களைக் கொண்டுபோய் அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றார். நானும் போய்ப் பார்த்தேன், உண்மைதான். கதவுக்குப் பின்னால் ஒரு கலண்டர். அவர்களுடைய சொந்தக்காரரின் பிறந்தநாள்களோடு, எனக்கும் சிவநேசனுக்கும் எங்கள் மகனுக்கும் உரிய நாள்களும் அதில் எழுதப்பட்டிருந்தன. சாமிப் படம் போட்ட கலண்டரின் தாளைக் கிழிக்கவே தயங்குகிற வீட்டில் வளர்ந்தவர் சிவநேசன். நேரே போய்க் கேட்டார்.

"யோப் அண்ணை, எங்கட பேரைக் கக்கூசிலயோ வைக்கிறது?"

யோப் அந்தச் சொல்லைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கக்கூசு அவர்களுடைய பழைய சொல்லாம், கோட்டையோடு சேர்த்து எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒல்லாந்தர் வீட்டில் பிறந்தநாள் கலண்டர் அங்கேதான் தொங்குமாம். நாள் தவறாமல் எல்லோரும் போகிற இடம் அது ஒன்றுதானே என்றார். அதற்குப் பிறகு சிவநேசனுடைய பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்து எங்கள் சொந்தங்களிடமிருந்து வந்ததில்லை, வேலிக்கு மேலாகத்தான் வந்தது.

யோப்பின் அப்பா ஒல்லாந்தின் மேற்குக் கரையில் கண்ணாடி வீடுகள் கட்டி, உள்ளே தக்காளி வளர்த்தவர். மூத்த மகன் தனக்குப் பின் தோட்டத்தைப் பார்ப்பான் என்று இருந்திருக்கிறார். மகனோ நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில், கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களுமாக இருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, நான் ஓவியனாகப் போகிறேன் என்றிருக்கிறார். சாப்பிட முடியாத எதையும் நான் வளர்த்ததில்லை என்றாராம் அப்பா. மகன் கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பாவைப் பற்றி யோப் எங்களிடம் சொன்னதும் வெகுகாலம் அவ்வளவுதான்.

ஆக்லாந்தில் பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார், சுவர்த்தாள் ஒட்டினார். மிச்ச நேரமெல்லாம் பின்வளவுக் கொட்டிலில் கட்டம் கட்டமாக வரைந்தார். வரைந்துகொண்டே இருந்தார். ஒரு கண்காட்சிக்குப் பிறகு யாரோ அவரைப் பெரிய ஓவியர்களின் நல்ல மாணவன் என்று பாராட்டி எழுதினார்களாம். அதை வாசித்த அன்றே கட்டங்களை விட்டுவிட்டார். "இன்னொருத்தன்ர யன்னலை எவ்வளவு துடைச்சாலும் உள்ளுக்குத் தெரியிறது அவன்ர வீடுதான்," என்பார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளை. பலகையில் முதலில் எண்ணெய் வர்ணத்தில் ஏதோ வரைவார். என்ன வரைகிறார் என்று பார்க்க விடமாட்டார். அது காய்ந்ததும் வெண்கட்டித் தூளைப் பசையில் கரைத்து, முன்பு வீட்டு உட்சுவர்களுக்கு அடித்த மாதிரியே மேலே பூசுவார். பூச்சின் மேல் பூச்சாக, கடைசியில் வெள்ளைப் பலகைதான் மிஞ்சும். முதல் தடவை பார்த்தபோது, நாங்கள் பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறதை இவர் பலகைக்கு அடித்து ஆணியில் மாட்டுகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும்விட்டேன். வடையைப் பற்றி அவர் சொன்னார்தானே. அவருக்குக் கோபம் வரவில்லை. கிட்ட நின்று பார் என்றார். நின்றேன். ஓரிடம் பால் மாதிரி, ஓரிடம் சாம்பல் மாதிரி, வெள்ளைக்குள் பல வெள்ளை தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அன்னேகாவுக்கு அந்த வெள்ளை பிடிக்காது. அவர் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர், வர்ணம் பார்த்தே வாழ்ந்தவர். கொஞ்சமாவது தெரியவிடுங்கள் யோப் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வரவேற்பறையில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டி, இதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும், அவ்வளவு அழகைப் படுக்கைவிரிப்பால் மூடிவிட்டார் என்று என்னிடம் முறையிடுவார். யோப் காதில் விழாதவர் போல அடுத்த பலகைக்கு இன்னொரு பூச்சுக் கொடுப்பார். நான் அறிந்த காலமெல்லாம் அந்த வீட்டில் நடந்த ஒரே சண்டை இதுதான். பிறகு அன்னேகா நோயில் விழுந்து, ஒரு குளிர்காலத்தில் போய்விட்டார்.

யோப் கொட்டிலைப் பூட்டினார். திறப்பைச் சமையலறை யன்னலில் வைத்துவிட்டு, அந்த யன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்றே சொல்லலாம். அன்னேகாவின் அந்தப் பெரிய படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சுவரில் மாட்டச் சொன்னார். அதற்கு முன்னால் இருந்து தனியாகக் கோப்பி குடிக்க முடியவில்லை என்றார். கண்ணாடி போடாதே, வெயில் படவிடாதே என்றார். கழுவாதே என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. வெலிங்டனில் இருந்து மகள் லிஸ்பெத் வந்து பார்த்துவிட்டு, எங்கள் வேலியடியில் நின்று அழுதார். அப்பா வேலை செய்துகொண்டிருந்தால் எனக்குப் பயமில்லை, இப்படிச் சும்மா இருந்தால் அடுத்த குளிரைத் தாங்கமாட்டார் என்றார். ஜனவரி முடிவில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய், தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவு செய்திருந்தார். அவரும் பாவந்தான், வேறு என்ன செய்வார்? நான் யோப்பிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அங்க தக்காளியை வெட்டித் தருவினமாம்," என்றார்.

அன்னேகாவோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் போக அவருக்குத் துளியும் மனமில்லை. தூரிகையைத் தொடவும் மனமில்லை. தொட்டால்தான் வீடு தப்பும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

இந்த நிலையில்தான் தைப்பொங்கல் வந்தது. சிவநேசனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தூசியைக் கண்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. பொங்கலுக்கு முதல் நாள் வீடு கழுவுவது அவருக்குக் கல்யாண வீடு மாதிரி. நான் வேலைக்குப் போயிருந்தேன். சாமிப் படங்களைத் துடைத்தார். அவருடைய அம்மா அப்பா படங்களைத் துடைத்தார். மின்விசிறியைத் துடைத்தார். பிறகு வாளியும் துணியுமாக வரவேற்பறைக்கு வந்தார். யோப்பின் படத்தில் தூசி படிந்து மங்கிப்போயிருந்ததாக அவருக்குப் பட்டிருக்கிறது. அந்தப் படம் பிறந்ததிலிருந்தே மங்கல்தானே, கடவுளே! சொட்டச் சொட்ட நனைந்த துணியால், மேல் மூலையிலிருந்து, வஞ்சகமில்லாமல் இழுத்திருக்கிறார். துணி வெள்ளையாக வந்தது. எவ்வளவு ஊத்தை என்று நினைத்து, துணியை அலசி அலசி இன்னும் அழுத்தித் துடைத்திருக்கிறார். சிவப்பு எட்டிப் பார்த்தபோதுதான் கை நின்றது.

நான் வந்தபோது அவர் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தார். "அன்னேகான்ர படத்தைக் கழுவிப்போட்டன்," என்றார். படத்தில் பாதியைக் காணவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் இருந்ததைப் பார்த்தேன். வெள்ளை வழிந்த தடங்களுக்கு நடுவில் நிரை நிரையாகச் செடிகள், இலைப்பச்சை, அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தக்காளிச் சிவப்பு. இவ்வளவு காலமும் இதுவா எங்கள் சுவரில் மறைந்திருந்தது? பார்த்து ரசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. வெண்கட்டி வாங்கிவந்து நாமே பூசிவிடலாமா என்றுகூடச் சிவநேசன் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அடங்கினார். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கோ என்றேன். வேலிவரைக்கும் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த யோப், என்ன சங்கதி என்று தானே எழும்பி வந்தார்.

வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றார். கையால் கதிரை கேட்டார், கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தார். நான் போட்ட தேத்தண்ணீர் ஆறி ஆடை படர்ந்தது. சிவநேசன் மூலையில் குற்றவாளி மாதிரி நின்றார். திடீரென்று யோப்பின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"கொஞ்சம் தெரியவிடு, கொஞ்சம் தெரியவிடு எண்டு அவ வாழ்நாள் முழுக்கக் கேட்டவ," என்றார். "நான் கேக்கேல்லை. உன்ர மனுசன் ஒரு தரைத்துணியால செய்துபோட்டார்."

சிவநேசனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "தரைத்துணி இல்லை அண்ணை. பொங்கலுக்கெண்டு எடுத்த புதுத்துணி," என்றார்.

அன்றைக்குத்தான் யோப் அவருடைய அப்பாவைப் பற்றி முழுதாகச் சொன்னார். வெயில் ஏறத் தொடங்கியதும் கண்ணாடிக் கூரைக்கு மேல் அப்பா வெண்கட்டிக் கரைசலை வாளி வாளியாக வீசி அடிப்பாராம். இல்லாவிட்டால் செடி கருகிவிடும். கோடை முழுவதும் உள்ளே பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் அவர் வளர்ந்திருக்கிறார். கோடை முடிந்து மழை தொடங்கினால் பூச்சு கோடு கோடாகக் கரைந்து இறங்கும். அப்போது அப்பா வேலையை விட்டுவிட்டு, செடிகளுக்கு நடுவில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பாராம். எந்தப் படத்தையும் அப்படிப் பார்த்த ஒரு மனிதரைத் தான் பிறகு காணவில்லை என்றார் யோப். தக்காளிக்காரன் என்று நினைத்து யாரிடமிருந்து ஓடி வந்தாரோ, அவருடைய வேலையைத்தான் இத்தனை வருடம் செய்திருக்கிறார். அதிலும் பாதியைத்தான்.

"பூசுறதை மட்டும் செய்தன்," என்றார். "மழையை மறந்துபோனன்."

மறுநாள் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவில் கொட்டில் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. சிவநேசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பொங்கலை எடுத்துக்கொண்டு இப்போது போகவேண்டாம், வேலை செய்யட்டும் என்றேன்.

பழைய வெள்ளைப் பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து தண்ணீர்க் குழாயால் அடித்துப் பார்த்தார். சரிவரவில்லை. குழாய்த் தண்ணீருக்குப் பொறுமை இல்லையாம். மழைதான் வேண்டும் என்றார். ஆக்லாந்தில் மழைக்கா பஞ்சம்? ஆனால் அவர் வளவை எலுமிச்சை மரம் மறைத்தது. நல்ல மழை எங்கள் பக்கந்தான் விழுகிறது என்று கண்டுபிடித்து, என் உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் பலகைகளைக் கம்பியால் கட்டினார். என் சேலைகளுக்கு இடமில்லை. யாராவது கேட்டால் கதவு காயப்போட்டிருக்கிறோம் என்று சொல்லவேண்டியிருந்தது. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் கதிரை போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மழை பூச்சைக் கரைப்பதைப் பார்த்தபடி இருப்பார். எது போதும் என்று அவருக்கு மட்டுந்தான் தெரியும். கையைத் தூக்கினால் சிவநேசன் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஓய்வு பெற்ற கணக்காளர் அவர், வேலைக்காலத்தில்கூட அப்படி ஓடியதில்லை. காலையில் எழும்பியதும் மழை வருமா என்று தொலைபேசியில் பார்த்து யோப்புக்கு அறிக்கை கொடுப்பார். கெட்டுப்போன பலகைகளும் உண்டு. "இண்டைக்கு மழைக்கு என்னைப் பிடிக்கேல்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வெள்ளை பூசுவார்.

சொன்னபடி ஜனவரி முடிவில் லிஸ்பெத் வந்தார். அப்பாவின் வீட்டில் ஆளில்லை. எங்கள் பின்வளவில், மழைச்சட்டை போட்டுக்கொண்டு, மேற்கே நிற்கிற முகில் மழை முகிலா இல்லையா என்று அப்பா சிவநேசனோடு வாதாடிக்கொண்டிருந்தார். படலையடியில் நின்று அதைப் பார்த்த லிஸ்பெத் பெட்டியைக் கீழே வைத்தார். சிவநேசன் நழுவி உள்ளே போகப் பார்த்தார், அம்மாவின் படத்துக்கு என்ன ஆனது என்று லிஸ்பெத்துக்கு அவர்தானே சொல்லவேண்டும். யோப் விடவில்லை. இருவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் படத்தின் முன் நிறுத்தினார். லிஸ்பெத் வெகுநேரம் பார்த்துவிட்டு, கடைசியில் அம்மாதான் வென்றிருக்கிறார் என்றார். சிவநேசனுக்கு அன்றுதான் சரியாக மூச்சு வந்தது. லிஸ்பெத் தனியாகவே வெலிங்டனுக்குத் திரும்பினார். முதியோர் இல்லப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

மழைப் படங்களின் கண்காட்சி ஒனிஹங்காவில் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒழுங்கு செய்த இளம்பெண் கெட்டிக்காரி. யோப்பைப் பாதித்தவர்கள் யார் என்று எழுதிச் சுவரில் வைக்க ஒல்லாந்துப் பெரிய ஓவியர்களின் பெயர்களையெல்லாம் சேர்த்துவைத்திருந்தார். யோப் அதை வாசித்துவிட்டு, அப்பாவின் மழை, அன்னேகாவின் வாய், சிவநேசனின் துணி என்று எழுதச் சொன்னார். அந்தப் பெண் நாகரிகமாகக் 'குடும்பமும் அயலும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். யோப் விடுவாரா? மாலை முழுவதும் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சரியான பட்டியலை வாயால் சொன்னார். சிவநேசன் வெட்கத்தில் தேநீர் மேசையை விட்டு நகரவில்லை.

நகரின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் வீட்டு அலங்காரக் கடையில் வேலை செய்யும் எங்கள் தேவகி, மலேசியாக்காரி, அன்றைக்கு வந்திருந்தாள். கடையில் இப்படிப்பட்ட படங்களை அச்சடித்துச் சுருள் சுருளாக விற்கிறவள் அவள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "அக்கா, இது எந்த மழைன்னு அவர்கிட்ட கேளுங்களேன்," என்றாள். நான் கேட்டேன். யோப்பின் முகம் விரிந்ததைப் பார்க்கவேண்டும். ஜூன் மாதத்து மழை, மனுக்காவ் துறைமுகப் பக்கமிருந்து வந்தது, இடையில் கொஞ்சம் ஆலங்கட்டியும் விழுந்தது, அந்தப் புள்ளிகள் அதுதான் என்றார். தன் வாழ்நாளில் தன் படத்தைப் பற்றி யாரும் கேட்டவற்றிலேயே மிகச் சரியான கேள்வி அது என்று தேவகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு எல்லாப் படங்களுக்கும் மழையின் பெயரையே வைத்தார்.

நல்ல வருடங்கள் அவை. அதை நான் தயங்காமல் சொல்வேன். தன் வீட்டில் இருந்தார், தன் வேலையைச் செய்தார், என்னோடு சண்டை பிடித்தார். இந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்து வைத்தியசாலைக்குப் போகும்போதும் பலகை ஒன்றைப் பூசி எங்கள் கம்பத்தில் கட்டிவிட்டுத்தான் போனார். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைத்திருந்தோம். வந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டார். பெய்கிறது என்றேன்.

"தாளை எடுத்துவிடு. நீ பார்," என்றார்.

நான் என்னத்தைக் கண்டேன் யோப், எப்போது எடுக்கவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். யோப் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் எண்டு ஆசை வரும். அப்ப எடுத்துவிடு."

தாளை நீக்கிவிட்டு, உடுப்புத் தோய்க்கும் அறையின் வாசலில் நின்றேன். வெள்ளை கரையத் தொடங்கியது. முதலில் சாம்பல் கோடுகள், பிறகு ஒரு நீலம். யோப் நீலம் வைத்து நான் பார்த்ததில்லை. நீலத்துக்குக் கீழே மஞ்சள் ஒன்று மெல்ல எழும்பி வந்தது. அது என்னவாக வரப்போகிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவல். பக்கத்தில் நின்ற சிவநேசன், இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்றார். அவர் அதைச் சொன்னதும் நான் மழைக்குள் ஓடினேன்.

மறுநாள் அதை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். லிஸ்பெத் வெலிங்டனிலிருந்து வந்து கட்டிலடியில் இருந்தார். தாதி யன்னலோரம் இடம் ஒதுக்கித் தந்தார். யோப் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து நீண்ட நேரம் பார்த்தார். எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அஞ்சு நிமிஷம் முந்தி எடுத்திட்டாய்," என்றார்.

இல்லை என்றேன். ஓம் என்றார். நீங்கள் சொன்னபடிதான் எடுத்தேன், ஆசை வந்த இடத்தில் எடுத்தேன் என்றேன். உனக்கு ஆசை கெதியாக வந்துவிட்டது என்றார். குரல் உயர்ந்ததில் தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நோயாளியோடு இப்படியா சண்டை பிடிப்பது என்று சிவநேசன் என் சேலையை இழுத்தார். யோப்புக்கு முகம் சிவந்து, கண் மின்னி, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. கடைசியில் களைத்துப்போய்ச் சாய்ந்தார். பலகையின் பின்னால் எழுது என்று லிஸ்பெத்திடம் சொன்னார். ஜூலை மழை, எடுத்தவள் அவசரக்காரி. லிஸ்பெத் சிரித்துக்கொண்டே எழுதினார். அந்த வாரம் முடிவதற்குள் நான் முதலில் சொன்ன அந்த அழைப்பு வந்தது.

அன்னேகாவின் படத்தை லிஸ்பெத்திடம் கொடுத்துவிட்டோம், அது அவருக்குரியது. சிவநேசனே துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தார், உலர்ந்த துணி. ஜூலை மழையை லிஸ்பெத் எங்களுக்கு விட்டுப்போனார். அதைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் யோப்பிடமிருந்து நான் வைத்திருப்பது எது என்று கேட்டால், பலகையை அல்ல, அந்தச் சண்டையைத்தான் சொல்வேன். அதை நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. காலையில் கோப்பியோடு அந்தப் படத்துக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் சண்டை திரும்பத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஆசை வரும்போது எடுத்துவிட வேண்டும் என்றார். அவருடைய சட்டப்படி பார்த்தால் அவரும் சரியான நேரத்தில்தான் போயிருக்கிறார். நல்ல சாவு, நிறைந்த வாழ்வு, குறையொன்றும் இல்லை. எல்லாம் தெரிகிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் முந்தி எடுக்கவில்லை, யோப். முந்திப் போனது நீங்கள்தான்.